பொடிக்கு ஊற்றிய வெந்நீர்

வெர்லின் ஹெர்கெர்ட்டின் தீனி வண்டி ஒரு காலையும் தாமதித்ததில்லை. பனிப்புயல் நெடுஞ்சாலையை மூடிய நாளிலும், அவருடைய அப்பாவை அடக்கம் செய்த நாளிலும், பட்டி மாடுகள் காலித் தொட்டியை நக்கிக்கொண்டு நிற்கவில்லை. யாராவது இதைப் புகழ்ந்து சொன்னால் தொப்பியைக் கழற்றி, அதற்குள் எதையோ தொலைத்தவர்போலப் பார்ப்பார். பெருமை இல்லாமல் இல்லை. பெருமைப்பட்டால் அதை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாத குடும்பத்தில் பிறந்தவர்.

அவருடைய பெற்றோர் பிளாட் ஆற்றங்கரையில் பீட்ரூட் மாதிரியான சர்க்கரைக் கிழங்கு போட்டவர்கள். விதைக்கும்போதும் குனிவு, களையெடுக்கும்போதும் குனிவு, ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் இன்னொரு குனிவு. வெர்லினுக்கு நிமிர்ந்து நின்று செய்கிற வேலை வேண்டியிருந்தது. ஒரு குளிர்காலம் மட்டும் என்று சொல்லிக்கொண்டு வீபி குடும்பத்தின் மாட்டுப் பட்டியில் தீனி மில்லுக்கு வேலைக்குப் போனார். அந்தக் குளிர்காலம் முடியவே இல்லை. அதே மில்லில் இருந்தபடி ஆர்லிஸைக் கல்யாணம் செய்துகொண்டார். பெண்கள் இருவரும் பிறந்து வளர்ந்து டென்வர் பக்கம் போய்விட்டார்கள். பழைய முதலாளி செத்து, மகன் டாய்ல் வீபி முதலாளி ஆனான். மக்காச்சோளத்தை ஆவியில் வேகவைத்து அவலாக நசுக்கும் உருளைகள் மட்டும் மாறவில்லை. அவற்றின் இரைச்சல் நின்றால்தான் வெர்லினுக்குத் தூக்கம் கலையும் என்று ஆர்லிஸ் கேலி செய்வாள்.

அந்தப் பட்டியில் மாடுகள் பெரும்பாலும் டாய்லுடையவை அல்ல. சுற்றுவட்டாரப் பண்ணைக்காரர்கள் பால்குடி மறந்த இளங்காளைகளை அனுப்புவார்கள். அவற்றைக் கொழுக்கவைத்துக் கறிக்கு ஏற்றிவிடுவது பட்டியின் தொழில். புல்லும் வைக்கோலும் தின்று வளர்ந்த வயிற்றுக்குச் சோளம் புதுப் பழக்கம். வைக்கோலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, சோளத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும். அவசரப்பட்டால் வயிறு புளித்துப்போகும், உப்பும், குளம்புக்குள் நோவு ஏறும். பிறகு மாடு படுக்கும். படுத்த மாடு பலநேரம் எழாது.

இந்த வயிற்றுக்குத் துணையாகத்தான் அந்தப் பொடி வந்தது. கோடை முடிகிற நேரத்தில் தீனிக் கம்பெனிக்காரப் பெண் ஒருத்தி அதைக் கொண்டுவந்தாள். மாட்டின் வயிற்றுக்கு நல்லது செய்யும் நுண்ணுயிர்கள். உலர்த்தித் தூங்கவைத்திருக்கிறோம், தண்ணீரில் விழித்துக்கொள்ளும், பிறகு வயிற்றில் அமிலம் ஏறாமல் பார்த்துக்கொள்ளும் என்று விளக்கினாள். ஃப்ரிட்ஜில் வையுங்கள், குளிர்ந்த தண்ணீரில் கரைத்துத் தீனியில் தெளியுங்கள் என்றாள். வெர்லின் தலையாட்டினார். ஏன் குளிர்ந்த தண்ணீர் என்று அவர் கேட்கவில்லை. மில்லில் யாரும் எதையும் ஏன் என்று கேட்பதில்லை. எப்போது, எவ்வளவு, இவை இரண்டும் தெரிந்தால் போதும்.

அந்தப் பொடிக்குப் பட்டியில் விழுந்த பெயர் பூச்சி. "பூச்சிங்களுக்குச் சாப்பாடு ஆச்சா வெர்லின்?" என்று போகிறபோக்கில் கேட்பார்கள். இலையுதிர்காலம் முழுக்கப் பூச்சி நன்றாக வேலை செய்தது. கன்றுகள் சோளத்துக்கு முகம் சுளிக்கவில்லை, சாணம் கெட்டியாக விழுந்தது, எடை ஏறியது. டாய்லுக்குத் துணிச்சல் வந்தது. வைக்கோலிலிருந்து சோளத்துக்குப் போகும் படிகளில் சிலவற்றைத் தாண்டிவிடச் சொன்னான். பூச்சிதான் இருக்கிறதே, அது பார்த்துக்கொள்ளும் என்றான்.

ஜனவரியில் குளிர் இறங்கியது. மூச்சு மீசையில் உறைகிற குளிர். ஒரு காலை பொடி கரைக்கும் தொட்டியிலிருந்து தீனிக்குப் போகிற மெல்லிய குழாய் உறைந்து அடைத்துக்கொண்டது. வெளியே லாரி உறுமிக்கொண்டு நின்றது. மாடுகள் தொட்டியோரம் வந்து கத்த ஆரம்பித்தன. வெர்லின் பாய்லர் பக்கம் போனார். சோளம் அவிக்கிற பாய்லருக்கு ஒரு குழாய் உண்டு, திறந்தால் கை பட முடியாத தண்ணீர் வரும். ஒரு வாளி பிடித்து வந்து பொடியை அதில் கொட்டிக் கலக்கினார். அதுவரை இல்லாத அழகில் கரைந்தது. கட்டியே இல்லை. குழாய் திறந்துகொண்டது, தீனி நேரத்துக்குப் போனது. விட்டமினும் மருந்துப்பொடியும் சூட்டில்தானே நன்றாகக் கரைகின்றன என்று எண்ணினார். அன்றிலிருந்து குளிர்காலம் முழுக்க வெந்நீர்தான். பக்கத்தில் இருந்த பாய்லருக்கு மனதுக்குள் நன்றிகூடச் சொன்னார்.

செலா அர்மெண்டாரிஸ் அந்தப் பட்டியில் குதிரையேறி அடைப்பு அடைப்பாகச் சுற்றுகிறவள். காலையில் மாடுகளுக்கு நடுவே மெதுவாகப் போய், நோய்ப்பட்டதைக் கூட்டத்திலிருந்து பிரித்து மருத்துவக் கொட்டகைக்கு ஓட்டிவருவது அவள் வேலை. இது பார்வைக்கான வேலை. மாடு நோயை மறைக்கும். பலவீனமானதைத்தான் ஓநாய் முதலில் பிடிக்கும் என்பது அதன் ரத்தத்தில் இருக்கிறது. காது தொங்குகிற விதத்தை வைத்தே செலா கண்டுபிடித்துவிடுவாள். வெர்லினைக் கிழவா என்றுதான் கூப்பிடுவாள். கிறிஸ்துமஸுக்கு அவள் வீட்டில் சோளமாவில் பன்றிக்கறி வைத்து, சோளத்தோலில் சுற்றி அவித்த டமாலே ஒரு பை நிறைய வரும். ஆர்லிஸ் அதை உறைபெட்டியில் வைத்து வசந்தம்வரை சிக்கனமாக எடுப்பாள்.

வெந்நீர் பழகிப்போன ஒரு காலை, செலா குதிரையை மில் ஜன்னலுக்குக் கீழே நிறுத்தினாள்.

"கிழவா, வடக்கு அடைப்புல புதுசா வந்த கன்னுங்க சரியில்ல."

"ஜுரமா?"

"ஜுரமா இருந்தா நான் எதுக்கு உன்கிட்ட வர்றேன். புதுச் செருப்பு கடிச்ச ஆளு மாதிரி ஒவ்வொரு காலா மாத்தி மாத்தி நிக்குது. தீனியில ஏதாச்சும் மாத்தினியா?"

"ஒண்ணும் மாத்தல" என்றார் வெர்லின். அதை நம்பித்தான் சொன்னார்.

அவள் சிலவற்றைப் பிரித்து ஓட்டிக்கொண்டு போனாள். கொட்டகையில் வெப்பமானி வைத்துப் பார்த்தார்கள். ஜுரம் இல்லை. திருப்பி அனுப்பினார்கள். மறுபடி ஓட்டிவந்தாள், மறுபடி திருப்பி அனுப்பினார்கள். டாய்லுக்கு எரிச்சல். நல்ல கன்றுகளுக்கெல்லாம் ஊர் சுற்றிக் காட்டுகிறாயா என்று எல்லோர் முன்னிலும் கேட்டான். செலா அதற்குப் பிறகு தயங்க ஆரம்பித்தாள். ஒரு கன்றைப் பார்ப்பாள், நிற்பாள், நகர்ந்துவிடுவாள். பிறகு கடுங்குளிரான ஒரு வாரக்கடைசியில் வடக்கு அடைப்பில் பல கன்றுகள் வயிறு உப்பி வரிசையாகச் செத்துக் கிடந்தன. செத்த மாடு அள்ளுகிற வண்டி திரும்பவும் வரவேண்டியிருந்தது. குதிரைமேல் உட்கார்ந்து தூங்கினாயா என்று டாய்ல் கேட்டான். அவள் சேணத்தைக் கழற்றித் தன் பிக்கப் வண்டியில் போட்டு, தன் குதிரையையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

போகும்போது மில் ஜன்னலை ஒருமுறை பார்த்தாள். வெர்லின் கையசைத்தார். பாவம், நல்ல பெண், வயதாகிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

ஊரில் தானியக் கூட்டுறவுக் கடையின் பின்பக்கம் ஒரு நீள மேசை உண்டு. காலை வேலை முடிந்த ஆண்கள் அங்கே கூடி, தோல் குவளையில் பகடை குலுக்குவார்கள், தோற்றவன் காப்பி வாங்குவான். அந்த மேசையில் உருவான பெயர் ஆளைவிட நீண்ட நாள் வாழும். அங்கேதான் எல்டன் கெய்ஸ் அந்தக் கேலியைத் தொடங்கினான். வடக்கு அடைப்பில் செத்தவை அவன் கன்றுகள். கோபத்தைக் கேலியாக்கிக்கொள்வது அவன் பழக்கம். யாராவது சாவியைத் தேடினால், "செலாகிட்ட கண்ணு கடன் வாங்கினியா?" என்பான். பிக்கப்பைப் பின்னால் எடுத்துக் கம்பத்தில் இடித்தவனுக்கு அன்று முழுக்கச் செலா என்றே பெயர். மேசை சிரிக்கும். வெர்லினும் சிரித்தார். சத்தமாக அல்ல, ஆனால் சிரித்தார்.

தவக்காலம் வந்தது. புதன்கிழமை மாலை தேவாலயத்தில் சூப்பும் ரொட்டியும் கொடுப்பது வழக்கம். முட்டைக்கோசும் மாட்டுக்கறியும் வைத்துச் சுடும் ரொட்டி ஆர்லிஸின் பொறுப்பு. அன்று அவள் கைகளில் மாவு. ஈஸ்ட் இருக்கிற கிண்ணத்தில் தண்ணீர் விடச் சொன்னாள். வெர்லின் அடுப்பிலிருந்த கெட்டிலை எடுத்தார்.

"ஐயோ, அதை ஊத்தாத. ஈஸ்ட் செத்துடும்."

"செத்துடுமா?"

"உசிரு இருக்கறதுதானே வெர்லின். கொதிக்கிற தண்ணில போட்டா நீயும்தான் செத்துடுவ."

அவர் கெட்டிலைக் கையில் பிடித்தபடியே நின்றார். கொதிக்கிற பாலில் உறைமோர் ஊற்றிவிட்டு, விடிய விடியத் தயிருக்குக் காத்திருப்பதுபோன்ற காரியத்தைக் குளிர்காலம் முழுக்க, ஒரு காலை விடாமல், நேரம் தவறாமல் செய்திருக்கிறோம் என்று அந்த இடத்திலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. ஆர்லிஸ் என்ன ஆயிற்று என்று கேட்டாள். கை சுட்டுவிட்டது என்றார்.

மறுநாள் காலை மில்லில் வேறு யாரும் வருவதற்குமுன் குழாயைத் துணியால் சுற்றினார். பொடியைக் குளிர்ந்த நீரில் கரைத்தார். யாரிடமும் சொல்லவில்லை. வடக்கு அடைப்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தேறியது. கன்றுகள் கால் மாற்றுவதை நிறுத்தின. ஒவ்வொரு கன்று நிமிரும்போதும் வெர்லின் ஒரு சாண் குறைந்தார். செலாவின் இடத்தில் டாய்லின் சகலை மகன் குதிரையேறிக்கொண்டிருந்தான். சாணத்துக்கும் சேற்றுக்கும் வித்தியாசம் தெரியாதவன். டாய்ல் அவன் முதுகில் தட்டி, பார்வை என்றால் இதுதான் பார்வை என்றான். வெர்லின் அப்போது பக்கத்தில் நின்று தொப்பிக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆர்லிஸ் டமாலே பையை எடுத்துச் சூடாக்கியபோது வேண்டாம் என்றார். அடுத்த முறையும் வேண்டாம் என்றார். அவள் பையை முடிந்து மறுபடி உள்ளே வைத்தாள். எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொள்கிற மனைவி அல்ல அவள். தெரிந்துகொள்ளும்வரை காத்திருக்கிறவள். ஒரு இரவுச் சாப்பாட்டின்போது அவரே சொன்னார். அவள் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, தெரியாமல் செய்தது குற்றமில்லை என்றாள். சற்றுப் பொறுத்து, ஆனால் தெரிந்து எத்தனை நாள் ஆகிறது என்று கேட்டாள்.

அவர் டாய்லிடம் போனார். டாய்ல் முழுவதையும் கேட்டான். கதவைச் சாத்தினான்.

"இதைப் பேசி என்ன ஆகப்போகுது? எல்டனுக்குத் தெரிஞ்சா நாளைக்கே லாரி கொண்டாந்து மாட்டை ஏத்திட்டுப் போயிடுவான். அவன் போனா இன்னும் நாலு பேரு போவாங்க."

"செலா?"

"அவளுக்குத்தான் ஏலச் சந்தையில வேலை கிடைச்சிடுச்சே. இங்க பாரு வெர்லின், பூச்சி செத்ததாலதான் கன்னு செத்துதுன்னு யாரு சொன்னா? குளிரா இருக்கலாம். சோளமா இருக்கலாம். நான் அவசரப்பட்டதா இருக்கலாம். யாராலயும் சொல்ல முடியாது."

அது பொய் இல்லை. யாராலும் சொல்ல முடியாதுதான். வெர்லின் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு ஒரு நாள் முழுக்க நிம்மதியாக இருந்தார். குற்றத்தை மூன்றாகப் பங்குபோட்டால் தன் பங்கு சிறியதுதானே. ஆனால் எந்தப் பங்கிலும் சேராமல் ஒன்று மிஞ்சி நின்றது. தீனியில் ஏதாவது மாற்றினாயா என்று அவள் கேட்டாள். ஒன்றும் மாற்றவில்லை என்று அவர் சொன்னார். அதைக் குளிர்மேல் போட முடியாது.

ஏலச் சந்தை பக்கத்து மாவட்டத்தில். வெர்லின் போனபோது செலா குதிரையில் இல்லை. ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, கையில் துடுப்பு மாதிரியான கோலுடன், சந்துக்குள் மாடுகளை ஏல மேடைப் பக்கம் முடுக்கிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் வேலையை நிறுத்தவில்லை. வேலிக்கு இந்தப் பக்கம் நின்றபடி, மாடுகளின் கத்தலுக்கு நடுவே, அவர் உரக்கச் சொல்லவேண்டியிருந்தது. மன்னிப்பை உரக்கச் சொல்வது கடினம். வெந்நீரை, வாளியை, ஈஸ்டை எல்லாம் சொல்லி முடித்தார்.

அவள் வாயிற்கதவைச் சாத்திவிட்டு வேலியருகே வந்தாள்.

"நான் அன்னைக்குக் கேட்டேன்."

"கேட்ட."

"நீங்க ஒண்ணும் மாத்தலன்னு சொன்னீங்க."

அவர் கவனித்தார். இத்தனை வருடத்தில் அவள் அவரை நீங்க என்றதே இல்லை.

"அப்ப எனக்குத் தெரியாது செலா."

"தெரியாதுன்னு இப்ப தெரியுது. வேலை போனது பெருசில்ல. வேலை எங்கயும் கிடைக்கும். நான் கண்ணு டாக்டர்கிட்ட போனேன், தெரியுமா? எல்லா எழுத்தும் படிச்சேன், கண்ணு நல்லா இருக்குன்னாரு. அவரையும் நம்பல. குதிரையை அண்ணன் வயல்ல விட்டுட்டேன். மாட்டைப் பாக்கவே பயமா இருந்துச்சு. அதான் இங்க வந்தேன். இங்க எதையும் பாக்க வேண்டாம், முடுக்கினாப் போதும்."

அவர் டாய்லிடம் சொல்லிவிட்டதாகச் சொன்னார். அது நல்ல செய்திபோல அவர் வாயிலிருந்து வந்தது. வந்ததும் அவருக்கே கூசியது.

"டாய்ல்கிட்ட சொல்லி எனக்கு என்ன? என் தம்பி அந்தக் கூட்டுறவுக் கடைக்கு டீசல் போடப் போனான். செலா கண்ணுன்னு சொல்லி எல்லாரும் சிரிக்கறதைக் கேட்டுட்டு வந்தான். யாரு யாரு சிரிச்சாங்கன்னும் சொன்னான்." கோலால் தரையை ஒருமுறை குத்தினாள். "சொல்றதா இருந்தா அந்த மேசையில சொல்லுங்க."

மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. உள்ளிருந்து யாரோ கூப்பிட்டார்கள். போய்விட்டாள்.

வெர்லின் மேசைக்குப் போனார். சொல்லவில்லை. மறுநாளும் போனார், மழையைப் பற்றிப் பேசினார். எல்டன் நல்ல மனநிலையில் இருந்தான், இன்று வேண்டாம். டாய்ல் எதிரில் உட்கார்ந்திருந்தான், இன்றும் வேண்டாம். பயம் அவருக்குத் தினம் ஒரு நல்ல காரணத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தது. காப்பியை ஆறவிட்டுவிட்டு வீட்டுக்கு வருவார்.

பிறகு ஒரு காலை யாரோ குலுக்கிய பகடை ஒன்று மேசையிலிருந்து உருண்டு விழுந்து காணாமல் போனது. இரண்டு மூன்று பேர் குனிந்து தேடினார்கள். எல்டன் நாற்காலியில் சாய்ந்துகொண்டான்.

"செலாவைக் கூப்பிடுங்கடா. குதிரைமேல வந்து அதுமேலயே நடந்து போயிடுவா."

மேசை சிரித்தது. வெர்லினின் வாயும் பழக்கத்தில் விரியப் போனது. அதை அவரே உணர்ந்தார். அதுதான் அவரைப் பேசவைத்தது.

"அவ கண்ணுல ஒண்ணும் இல்ல எல்டன். உன் கன்னுங்களுக்குப் போட்ட பூச்சியை நான்தான் கொன்னேன்."

பாய்லரையும் வாளியையும் குளிர்காலத்தையும் சொன்னார். அவள் கன்றுகளை முன்னமே கண்டுபிடித்ததை, ஜன்னலுக்கு வந்து கேட்டதை, தான் சொன்ன பதிலைச் சொன்னார். பொடி செத்ததால்தான் கன்றுகள் செத்தன என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது என்பதையும் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. விட்டுவிட்டார். அதை டாய்ல் சொல்லிக்கொள்ளட்டும்.

எல்டன் சாய்ந்திருந்த நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். கடைக்காரப் பெண் ரொட்டித் தட்டை வைக்க வந்தவள் வைக்காமலே திரும்பினாள்.

"எவ்வளவு சூடு?" என்று கேட்டான் எல்டன்.

"கை வைக்க முடியாது."

எல்டன் மேசையின் மறுமுனையில் இருந்த டாய்லைப் பார்த்தான். "உனக்குத் தெரியுமா இது?"

டாய்ல் தன் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பதில் எல்டனுக்குப் போதுமாயிருந்தது. தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்து போனான். காணாமல் போன பகடை அவன் நாற்காலிக் காலடியில் கிடந்தது. யாரும் அதைக் குனிந்து எடுக்கவில்லை.

டாய்ல் பயந்தபடியே நடந்தது. அந்த வாரமே எல்டனின் லாரிகள் வந்து மிச்சமிருந்த கன்றுகளை ஏற்றிக்கொண்டு போயின. டாய்ல் வெர்லினை வேலையைவிட்டு அனுப்பவில்லை. அந்த உருளைகளின் குணம் தெரிந்தவர் வேறு யாரும் இல்லை. ஆனால் வசந்தம் முழுக்க அவரிடம் பேசவும் இல்லை. வேறொரு முதலாளியின் பட்டியில் தன் கன்றுகளைப் பார்த்துக்கொள்ள எல்டன் செலாவைக் கேட்டதாகவும், யோசித்துச் சொல்கிறேன் என்று அவள் சொன்னதாகவும் ஆர்லிஸ் தேவாலயத்தில் கேள்விப்பட்டு வந்தாள். வெர்லின் போய் விசாரிக்கவில்லை. விசாரிக்கிற உரிமை தனக்கு இருப்பதாக அவர் நினைக்கவில்லை.

மேசைக்குப் போவதைச் சில நாள் நிறுத்தினார். பிறகு போனார். போகாமல் இருந்தால் பழைய கேலி திரும்பி வந்துவிடுமோ என்ற பயம்தான். யாரும் முகம் கொடுக்கவில்லை. பகடை குலுங்கியது. பக்கத்தில் இருந்தவன் காப்பிக் கூஜாவை அவர் பக்கம் நகர்த்தினான்.

"பாத்து ஊத்து வெர்லின். சூடு. ஏதாச்சும் செத்துடப்போகுது."

மேசை சிரித்தது. எல்டன்கூட மூக்கால் சிரித்தான். அன்றிலிருந்து அந்த ஊரில் யாராவது ஒரு காரியத்தை நல்லெண்ணத்தோடு கெடுத்தால், வெர்லின் வெந்நீர் ஊற்றிவிட்டான் என்கிறார்கள். அவர் செத்த பிறகும் சொல்வார்கள். செலா கண் என்று யாரும் சொல்லி அவர் பிறகு கேட்கவில்லை.

கேலியைத் தாங்குவது எளிதாகத்தான் இருக்கிறது. மில் ஜன்னல்தான் எளிதாக இல்லை. சகலை மகன் இப்போதும் சில காலைகளில் குதிரையை அதன் கீழே நிறுத்தி, ஏதோ ஒரு அடைப்பு ஒரு மாதிரி இருக்கிறது, தீனியில் ஏதாவது மாற்றினீர்களா என்று கேட்கிறான். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. அவனுக்கு இன்னும் காது தொங்குவதற்கும் ஈ விரட்டுவதற்கும் வித்தியாசம் பிடிபடவில்லை. ஒன்றும் மாற்றவில்லை என்று வெர்லின் சொல்வதில்லை. உருளைகளை நிறுத்துகிறார். படியிறங்கி, பூட்ஸைச் சேற்றில் இழுத்துக்கொண்டு, அந்த அடைப்பின் வேலிவரை போய், கன்றுகள் எந்தக் காலில் நிற்கின்றன என்று பார்த்துவிட்டுத் திரும்புகிறார்.

அந்தக் காலைகளில் தீனி வண்டி தாமதமாகத்தான் கிளம்புகிறது.